உதவிக் கட்டுரைகளில் இணைப்புச் சுட்டிகள்

மட்டாஞ்சேரியின் கடைவீதிக் கிடங்குகளில் ஏற்றுமதிக்கென்று தைக்கப்படும் ஒவ்வொரு சாக்கின் மீதும் சில குறிகள் இடப்படுகின்றன. சரக்கின் பெயர், அனுப்புவோரின் அடையாளம், சென்றிறங்கும் துறைமுகம், மூட்டையின் எண், எடை ஆகியவை அவற்றுள் அடங்கும். சுமை தூக்கும் தொழிலாளி, துறைமுகக் கணக்கர், சுங்க அதிகாரி, கடல் கடந்த நாட்டில் சரக்கைப் பெறும் வணிகர் ஆகிய எவரும் மூட்டையைப் பிரிக்காமலேயே உள்ளே இருப்பது மிளகா, சுக்கா என்பதையும், அது எங்கே செல்ல வேண்டும் என்பதையும் இக்குறிகளால் அறிகின்றனர். குறி பிழைத்தால் மூட்டை வேறு துறைமுகத்தில் இறங்கிவிடக்கூடும். ‘இது’ என்று மட்டும் எழுதிய சாக்கை எந்தக் கப்பல்காரரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அரசாங்க அலுவலகங்களும் வாரியங்களும் வங்கிகளும் பொதுமக்களுக்கென்று இணையத்தில் வெளியிடும் உதவிக் கட்டுரைகளில் இடம்பெறும் இணைப்புச் சுட்டிகளுக்கும் ஏறத்தாழ இதே பணிதான் உரியது. மக்கள் வழக்கில் ‘லிங்க்’ எனப்படும் இச்சுட்டி இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் சொற்கள். மற்றொன்று, அச்சொற்களுக்குப் பின்னே மறைந்து நிற்கும் முகவரி. சொற்களைப் படிப்பவர் மனிதர். முகவரியைப் படிப்பது கணிப்பொறி. இவற்றுள் எது பிழைபட்டாலும் படிப்பவர் சென்றடைய வேண்டிய இடத்தைச் சென்றடைவதில்லை. இத்தனை சிறிய ஒன்றைப் பற்றி ஓர் அவையில் தனித்துப் பேச வேண்டுமா என்னும் ஐயம் எழக்கூடும். மட்டாஞ்சேரி போன்ற ஒரு வணிக ஊரில் அந்த ஐயத்திற்கு விடை காண்பது கடினமன்று.

நான்கு அலுவலகங்கள், நான்கு தளங்கள்

சிறிய அளவில் மிளகோ ஏலமோ ஏற்றுமதி செய்ய விழையும் ஒருவர் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்திடமிருந்து ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் பெற வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பெற்ற இவ்வாரியத்தின் தலைமை அலுவலகம் கொச்சியிலேயே உள்ளது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உரிமமும், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் இவற்றோடு சேரும். இந்நான்கிற்கும் விண்ணப்பங்கள் இன்று இணையத்தின் வழியாகவே பெறப்படுகின்றன. ஆகவே, ‘ஏற்றுமதி தொடங்குவது எவ்வாறு?’ என்று ஓர் உதவிக் கட்டுரை எழுதுவோர், நான்கு வேறு தளங்களுக்குச் சுட்டிகள் இட்டாக வேண்டும். எழுதப்பெறும் விளக்கம் எவ்வளவு தெளிவாக இருப்பினும், மூன்றாவது சுட்டி முறிந்திருந்தால் விண்ணப்பதாரர் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறார்.

நிற்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்திற்கு முகவர்களும் எழுத்தர்களும் உண்டு. முதன்முறையாக முயல்பவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அருகிலுள்ள அட்சயா மையத்திற்குச் செல்கிறார். 2002ஆம் ஆண்டில் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அட்சயா திட்டம், கேரளம் முழுவதும் பரவி, கணிப்பொறி இல்லாத குடும்பங்களுக்கும் இணையச் சேவைகளை எட்டச் செய்தது. அங்கே அமர்ந்து, கட்டுரையில் காட்டிய சுட்டியைத் தொட்டபோது ‘பக்கம் காணப்படவில்லை’ என்று வந்தால், மறுநாளும் வேலை கெடுகிறது. 2019 செப்டம்பரில் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமையைக் கல்வி உரிமையின் பகுதியாகவும் தனிமை உரிமையின் பகுதியாகவும் ஏற்றுத் தீர்ப்பளித்தது. நுழைவாயில் திறந்திருந்தும் உள்ளே வழிகாட்டிப் பலகைகள் தவறான திசையைக் காட்டுமாயின் அவ்வுரிமையின் பயன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

மிளகுக் கொடிக்கு இட்ட சுட்டி

ஓரிடத்தில் எழுதியதிலிருந்து மற்றோரிடத்திற்குப் பிசகாமல் வழிகாட்டும் கலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கொச்சியோடு தொடர்புடையது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தளபதியாக 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், இப்பகுதியின் செடிகொடிகளைத் தொகுத்து ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ என்னும் நூலை உருவாக்க முனைந்தார். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அந்தணர் மூவரும் அதற்கு வேண்டிய அறிவை வழங்கினர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அந்நூல் அச்சேறியது. செடிகளின் படங்களில் அவற்றின் பெயர்கள் ரோமன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. எந்த எழுத்து அறிந்தவரும் அதே செடியைச் சென்றடைய இது வழி செய்தது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தம் தாவர நூலில் மிளகைப் பற்றி எழுதுமிடத்து, மலையாள நாட்டில் வழங்கிய ‘மொளகோ கொடி’ என்னும் பெயரைக் குறித்து, அதனையடுத்து ரீடின் பெயர், நூலின் பெயர், ஏழாம் தொகுதி, பக்கம் 23, படம் 12 ஆகியவற்றைச் சுருக்கெழுத்துகளில் ஒரே வரியில் அடக்கினார். கொச்சிக்கு வந்திராத ஒருவர் இட்ட சுட்டி இது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும், எந்த நூலகத்திலாயினும் அவ்வேழாம் தொகுதியைப் பிரிப்பவர் அதே கொடியின் படத்தைக் காண்கிறார். பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து இந்நூலின் செடிகளை அடையாளம் கண்டு, 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிக்கொணர இயன்றதற்கு இத்தகைய குறிப்புகளின் திட்பமும் ஒரு காரணமாகும்.

இங்கே கருதற்குரியது ஒன்றுண்டு. லின்னேயஸின் வரியில் பொருளின் பெயரும் அது இருக்கும் இடமும் ஒருங்கே உள்ளன. பக்க எண் அச்சுப் பிழையால் மாறியிருந்தாலும் பட எண் காட்டிக்கொடுக்கும். இரண்டும் பிழைத்தாலும் செடியின் பெயரைக் கொண்டு தேடலாம். இணையச் சுட்டியில் முகவரி பெரும்பாலும் மறைந்திருப்பதால், எழுதுவோர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட நேர்கிறது. முகவரி இறந்தவுடன் எல்லாமே இறந்துவிடுகிறது. ஒரு சுற்றறிக்கையைச் சுட்டும்போது அதன் தலைப்பு, வெளியிட்ட அலுவலகம், எண், நாள் ஆகியவற்றைச் சொற்களில் எழுதிவிட்டு அதன்மீது சுட்டியை அமைத்தால், முகவரி மாறிய பின்னரும் படிப்பவர் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கும்.

‘இங்கே சொடுக்கவும்’

உதவிக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை, ‘இங்கே சொடுக்கவும்’ என்னும் இரு சொற்களின் மீது சுட்டியை அமைப்பதாகும். கண் பார்வையுள்ளவர் முன்பின் வாக்கியங்களைப் படித்து ஒருவாறு ஊகித்துக்கொள்வார். பார்வையற்றோர் திரை வாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பக்கத்தைக் காதால் கேட்கின்றனர். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று இலவசமாக வழங்கப்படும் என்.வி.டி.ஏ. போன்ற வாசிப்பான்களில், பக்கத்திலுள்ள சுட்டிகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் கேட்கும் வசதி உண்டு. அவ்வாறு கேட்பவருக்கு ‘இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்’ என்று பன்முறை ஒலித்தால் அதனால் விளையும் பயன் யாது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உடையோராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில், ஒவ்வொரு சுட்டியின் நோக்கமும் அதன் சொற்களாலோ, சொற்களும் சூழலும் சேர்ந்தோ விளங்க வேண்டும் என்பது அடிப்படைத் தரத்திலேயே சேர்க்கப்பட்டது. இந்திய அரசாங்க இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதன்முதலாக வெளிவந்து, 2018இலும் 2023இலும் திருத்தப்பெற்றன. வேறு தளத்திற்குச் செல்லும் சுட்டியாயின் அதனைத் தெரிவித்தல், பதிவிறக்கக் கோப்பாயின் அதன் வகையையும் அளவையும் குறித்தல், முறிந்த சுட்டிகள் இல்லாதவாறு அவ்வப்போது சரிபார்த்தல் ஆகியவை இந்நெறிகளில் வற்புறுத்தப்படுகின்றன. கோப்பின் அளவைக் குறிப்பது வீண் சம்பிரதாயம் போலத் தோன்றலாம். ஆனால், படகுத்துறையில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிப்பவர், தொட்ட சுட்டி 40 மெகாபைட் கோப்பாக இறங்கத் தொடங்குவதைக் கண்டு திகைக்கும்போது அதன் அருமை விளங்கும்.

தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட நெறிகளில் அது இடம்பெறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டி நிற்பவை. ‘விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்யவும்’ என்னும் வாக்கியத்தில் சுட்டியை எங்கே முடிப்பது? ‘படிவத்’ என்பதோடு நிறுத்தினால் சொல் இரண்டாகப் பிளந்து நிற்கும். ‘த’ என்னும் எழுத்துக்கும் அதன் ஐகாரக் குறிக்கும் இடையே வெட்டு விழுந்தால், பல திரைகளில் உயிர்க்குறி தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு தோன்றும். மொழிபெயர்ப்புக்கென்று ஆங்கிலப் பக்கத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இடையிடையே தமிழ்ச் சொற்களைப் புகுத்தும்போது இவ்விபத்து அடிக்கடி நிகழ்கிறது. உருபையும் உள்ளடக்கிய முழுச் சொல்லையும், இயன்றால் பெயர்த்தொடர் முழுவதையும் சுட்டியாக்குவதே தக்கது. சுட்டியின் கீழ்க்கோடு தமிழ் எழுத்துகளின் அடிப்பகுதியைத் தொட்டு, உகர ஊகாரக் குறிகளை மறைத்துவிடுவதும் உண்டு. கோட்டைச் சற்றே கீழிறக்க எளிய வழி இருக்கிறது. கோட்டை அறவே நீக்கி நிறத்தால் மட்டும் சுட்டியைக் காட்டுவது, நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இடையூறாக முடியும்.

முகவரியின் எழுத்துகள்

கண்ணுக்குத் தெரியும் சொற்களைப் போலவே, மறைந்திருக்கும் முகவரியும் கவனத்திற்குரியது. இணைய முகவரியில் தமிழ், மலையாளம் முதலிய எழுத்துகளைப் பயன்படுத்த இன்று தடையில்லை. நாட்டின் பெயரையே தமிழில் ஈறாகக் கொண்ட ‘.இந்தியா’ என்னும் களமும் 2011 முதல் உலகப் பட்டியலில் உள்ளது. எனினும், முகவரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது, தளப்பெயரை அடுத்து வரும் தமிழ் எழுத்துகள் பல வேளைகளில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட தொடராக மாறிவிடுகின்றன. ஒருங்குறி முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வோர் அலகும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிகிறது. ‘மட்டாஞ்சேரி’ என்னும் சொல்லில் புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் சேர்த்து 11 அலகுகள் உள்ளன. முகவரியில் அது 99 குறிகளாக நீளும். மலையாள எழுத்திலும் இதே கணக்குத்தான். இத்தனை நீண்ட தொடரைத் தொலைபேசியில் சொல்லி எழுதவைப்பது இயலாத காரியம்.

ஊர்ப் பெயரிலேயே வேறொரு சிக்கலும் அடங்கியிருக்கிறது. ‘கொச்சி’ என்பதன் முதலெழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்த்தும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என இரு அலகுகளாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமமே. ஆயினும் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கணிப்பொறி ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாது எனக் கூறிவிடக்கூடும். மலையாளத்தில் நிலைமை இன்னும் கடினம். சில்லெழுத்துகளுக்கு 2008இல் தனி அலகுகள் வழங்கப்பட்டன; அதற்கு முன்னர் அவை மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றால் எழுதப்பட்டன. பழைய முறையில் எழுதிய பெயரும் புதிய முறையில் எழுதிய பெயரும் ஒருங்குறி விதிப்படியும் வெவ்வேறானவை. ஒரே பெயரில் இரு முகவரிகள் தோன்றி, அவற்றுள் ஒன்று வெற்றிடத்திற்கு அழைத்துச் செல்லும் நிலை இதனால் ஏற்படலாம்.

ரோமன் எழுத்தில் எழுதுவதும் முழுத் தீர்வாகாது. மட்டாஞ்சேரி ஆங்கிலத்தில் பலவாறாக எழுதப்படுகிறது. நகரின் பெயர் 1996இல் ஆங்கிலத்திலும் கொச்சி என மாற்றப்பட்ட போதிலும், துறைமுகமும் பல்கலைக்கழகமும் ‘கொச்சின்’ என்னும் பழைய ஆங்கில வடிவத்தையே தாங்கி நிற்கின்றன. ஆகவே, முகவரியைக் காதால் கேட்டு எழுதாமல், இலக்குப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்தே பிரதி எடுத்தல் வேண்டும். காட்டும் சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். முகவரி குறுகியதாகவும், எளிய எழுத்துகளாலும் எண்களாலும் ஆனதாகவும் இருப்பதே இன்றைய நிலையில் நடைமுறைக்கு ஏற்றது. மொழிப்பற்று உடையோர்க்கு இது மனக்குறை அளிக்கலாம். கருவிகள் யாவும் ஒருங்குறியைச் சீராகக் கையாளும் வரை வேறு வழியில்லை.

முகவரியை வெளிப்படையாக எழுதும் இடங்களில் நிறுத்தற்குறிகள் தொல்லை தருகின்றன. வாக்கிய முடிவின் முற்றுப்புள்ளியையும், அடைப்புக்குறியின் பின்பாதியையும் முகவரியின் உறுப்பென்று கருதிச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. தமிழில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. முகவரி முடிந்தவுடன் ‘-இல்’, ‘-க்கு’ என உருபை ஒட்டி எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. கணிப்பொறி அவ்வுருபையும் முகவரியோடு விழுங்கிவிடுகிறது. முகவரியைத் தனித்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘என்னும் தளத்தில்’ என்று தொடர்வதே தகும். நீண்ட முகவரியை வரி முடிவில் உடைக்க நேரும்போது, அச்சுக்கோப்பவர் இடும் இணைப்புக்கோடு முகவரியின் பகுதியாகக் கொள்ளப்படும் அபாயம் இருப்பதால் அக்கோட்டைத் தவிர்க்க வேண்டும் என 2005ஆம் ஆண்டின் இணைய முகவரி விதிகளே எச்சரிக்கின்றன.

வேறொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. எழுதுபவர் தம் பெயரில் உள்நுழைந்த பின் உலாவியில் தோன்றும் முகவரியை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார். அம்முகவரி அவருடைய அமர்வு முடியும்வரைதான் செல்லுபடியாகும். அவருக்குத் திறக்கும், வேறெவருக்கும் திறக்காது. உள்நுழையாத நிலையில், வேறொரு கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ திறந்து பார்ப்பதே இதற்குச் சோதனை.

முறிந்துபோகும் சுட்டிகள்

சரியாக அமைத்த சுட்டியும் காலப்போக்கில் கெட்டுப்போகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. அந்நாட்டு அரசாங்கப் பக்கங்களுள் ஆராயப்பட்டவற்றில் 21 விழுக்காடு, குறைந்தது ஒரு முறிந்த சுட்டியையேனும் கொண்டிருந்தன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதிருக்கும்படி 1998இலேயே ஒரு குறிப்பு எழுதி வேண்டிக்கொண்டார். பக்கத்தை இன்று பொறுப்பேற்றிருக்கும் அலுவலரின் பெயர், பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் போன்று நாளை மாறக்கூடியவற்றை முகவரியில் சேர்க்கலாகாது என்பது அக்குறிப்பின் சாரம்.

இந்திய அரசாங்கத் தளங்கள் பல, ‘என்.ஐ.சி. புள்ளி ஐ.என்.’ என்று முடிந்த முகவரிகளிலிருந்து ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று முடியும் முகவரிகளுக்கு மாறின. மாற்றம் பயனுள்ளதே. ஆனால், ஒரு தளம் இடம் மாறும்போது அதனைச் சுட்டி நிற்கும் உதவிக் கட்டுரைகள் எத்தனை என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. வீடு மாறிச் செல்பவர் அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்து, கடிதங்களைத் திருப்பி விடச் செய்கிறார். இணையத்திலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. 301 என்னும் எண்ணால் குறிக்கப்படும் மறுமொழி, பக்கம் நிரந்தரமாக இடம் மாறியதைத் தெரிவித்துப் படிப்பவரைப் புதிய இடத்திற்கே கொண்டு சேர்க்கும். இதனைச் செய்யாமல் விட்டால் கிடைப்பது 404, அதாவது ‘காணப்படவில்லை’.

குறுஞ்சுட்டி வசதிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. நீண்ட முகவரியைச் சில எழுத்துகளாகச் சுருக்கித் தரும் கூகுள் நிறுவனத்தின் சேவை, 2019 மார்ச் மாதத்துடன் புதிய சுட்டிகள் வழங்குவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், பயன்பாடின்றிக் கிடந்த பழைய சுட்டிகள் செயலிழந்தன. பிறர் நடத்தும் சேவையின் ஆயுளை நம்பிப் பொதுமக்களுக்கான வழிகாட்டுதலை அமைப்பது உகந்ததன்று. மேலும், குறுஞ்சுட்டி தான் செல்லும் இடத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

போலிச் சுட்டிகள்

மறைப்பதால் விளையும் தீங்கு சாதாரணமானதன்று. கண்ணுக்குத் தெரியும் சொல் ஓர் அலுவலகத்தின் பெயராகவும், பின்னே நிற்கும் முகவரி மோசடிக்காரருடையதாகவும் இருக்கக்கூடும். சுட்டி என்னும் கருவியின் அமைப்பிலேயே இவ்வாய்ப்பு உள்ளது. குறுஞ்செய்திகளின் வழியே பரவும் இத்தகைய சுட்டிகளைத் தடுக்க, முன்கூட்டியே பதிவு செய்யப்பெறாத இணைய முகவரிகள் கொண்ட வணிகச் செய்திகளை 2024 அக்டோபர் 1 முதல் தடை செய்யுமாறு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. பணம் இழந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

உதவிக் கட்டுரை எழுதுவோரின் பங்கு இங்கே பெரிது. அரசாங்கக் கட்டுரைகளே ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதி மக்களைக் கண்மூடித் தொடப் பழக்கினால், போலிச் சுட்டியையும் அவ்வாறே தொடுவார்கள். கட்டணம் செலுத்தும் பக்கத்திற்குச் சுட்டி இடும்போது, சொல்லின் அருகே தளத்தின் முகவரியையும் வெளிப்படையாக எழுதி, அதனை எவ்வாறு படிப்பது என்றும் ஒரு வரி சேர்க்கலாம். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை அடுத்து, முதல் ஒற்றைச் சாய்கோடு வரையுள்ள பகுதியே தளத்தின் பெயர். அப்பகுதி எதில் முடிகிறது என்பதே முக்கியம். ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்னும் எழுத்துகள் நடுவில் எங்கேயோ வந்து, முடிவில் வேறொரு பெயர் இருக்குமாயின் அது அரசாங்கத் தளமன்று. வெளி கடற்கரையை அடுத்த தோபிக்கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தினரும், சேர்லாயில் வாழும் கொங்கணியரும், கடைவீதியின் குஜராத்தி வணிகரும் தத்தம் மொழியில் இதனை அறிந்துகொள்ளும்படி எழுதுவது கடினமான செயலன்று.

சரிபார்த்தல்

முறிந்த சுட்டிகளைக் கண்டறியும் மென்பொருள்கள் பல உள்ளன. ஆயிரம் சுட்டிகளையும் சில நிமிடங்களில் அவை தட்டிப் பார்த்துவிடும். ஆயினும் அவை அறிவது, கதவு திறந்ததா இல்லையா என்பதை மட்டுமே. பழைய பக்கம் நீக்கப்பட்டு, வருவோர் அனைவரும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பி விடப்பட்டிருந்தால் மென்பொருள் ‘சரி’ என்றே கூறும். பதிவுப் படிவத்தைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று விழிப்பது அதற்குத் தெரியாது. எனவே, மாதந்தோறும் மென்பொருளால் சோதிப்பதோடு, குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு சுட்டியையும் தொட்டு, சொல்லும் இலக்கும் பொருந்துகின்றனவா என்று படித்துப் பார்ப்பதும் தேவை. கட்டுரையை எழுதியவரே இதனைச் செய்யாதிருப்பது நலம். எழுதியவருக்கு வழி முன்பே தெரியும்.

அச்சுப் பிரதிகளையும் மறந்துவிடலாகாது. உதவிக் கட்டுரைகள் அச்சிடப்பெற்று மையங்களின் சுவர்களில் ஒட்டப்படுகின்றன. தாளில் கீழ்க்கோடிட்ட சொல் மட்டுமே எஞ்சும், முகவரி மறைந்துபோகும். அச்சுப் பிரதியில் முகவரியும் சேர்ந்து விழுமாறு பக்கத்தை அமைக்க வேண்டும். ஜப்பானில் 1994இல் உருவாக்கப்பெற்ற கியூ.ஆர். கட்டத்தை இடுவோர், அதன் கீழே எழுத்திலும் முகவரியைக் குறிக்க வேண்டும். கட்டத்தின்மேல் போலிக் கட்டமொன்றை ஒட்டிச் செல்வது எளிது. எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

கட்டுரையின் அடியில் ‘இணைப்புகள் சரிபார்க்கப்பட்ட நாள்’ என்று ஒரு வரி இருத்தல் நன்று. மலைச்சரக்கு ஏற்றுமதி பற்றிய கட்டுரைகளுக்கு அந்நாளைத் தேர்ந்துகொள்வதிலும் பருவம் பார்க்கலாம். கேரளத்தில் மிளகு அறுவடை பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் தொடங்குகிறது. புதிதாக வணிகத்தில் இறங்குவோர் பதிவுக்கும் உரிமத்திற்கும் அலைவது அதற்குச் சற்று முன்னரே. அக்டோபர் மாதம் ஒருவர் அந்நான்கு தளங்களுக்கும் சென்று, ஒவ்வொரு சுட்டியையும் கைப்பேசியில் தொட்டுப் பார்த்து, மாறியவற்றைத் திருத்தி, அன்றைய நாளைக் கட்டுரையின் அடியில் இட்டுவிட்டால் அப்பருவத்திற்கு அது போதுமானது.